ஷட்டர் இடப்பக்கம்: எக்ஸாக்டா முதலிய பழைய பிலிம் கேமராக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிலிம் கேமரா ஒன்று கைக்கு வருகிறது. வழக்கம்போல வலது ஆள்காட்டி விரல் மேலே பொத்தானைத் தேடுகிறது. அங்கே பொத்தான் இல்லை. படமெடுக்கும் விசை இடப்பக்கம் முன்முகத்தில் இருக்கிறது, பிலிம் சுற்றும் லீவரும் இடப்பக்கம்தான். இப்படிக் கிடைக்கும் கேமரா பெரும்பாலும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் செய்த எக்ஸாக்டாவாக இருக்கும். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதே வகையில் வரும் வேறு சில கேமராக்களையும் சேர்த்திருக்கிறேன்.

எக்ஸாக்டா இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டதா?

இல்லை. இந்தக் கேமராவைச் சுற்றி அதிகமாக உலவும் தவறான எண்ணம் இதுதான்.

டிரெஸ்டனில் இஹாகே என்ற நிறுவனத்தை யோஹான் ஸ்டீன்பெர்கன் என்ற டச்சுக்காரர் 1912இல் தொடங்கினார். அங்கே வடிவமைப்பாளராக இருந்த கார்ல் நூஷ்டர்லைன் 1933இல் 127 வகை பிலிமுக்கான எக்ஸாக்டாவைக் கொண்டுவந்தார். அதையே 35 மி.மீ. பிலிமுக்கு மாற்றிய கினே எக்ஸாக்டா 1936 வசந்தத்தில் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமானது. இன்று எஸ்எல்ஆர் என்று நாம் சொல்லும் வகையில் (லென்ஸ் வழியே வரும் பிம்பத்தையே உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி மேலே திருப்பிக் காட்டும் கேமரா), 35 மி.மீ. அளவில் தொடர்ந்து உற்பத்தியாகி உலகம் முழுவதும் விற்ற முதல் கேமராக்களில் அது ஒன்று.

அந்தக் கேமராவுக்குக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் பிரிசம் கிடையாது. மார்புக்குக் கீழே பிடித்து, மேலே திறந்திருக்கும் மூடிக்குள் குனிந்து, மங்கிய கண்ணாடியில் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். அப்படி ஒருமுறை பிடித்துப் பாருங்கள். கேமராவின் உடல் இடது உள்ளங்கையில் அமர்கிறது. இடது ஆள்காட்டி விரல் தானாக முன்முகத்தில் இருக்கும் விசைமேல் போய் நிற்கிறது. வலது கைக்கு ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதும், லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை வைப்பதும்தான் வேலை. நுணுக்கமான திருப்பும் வேலை வலது கைக்கு, தாங்கிப் பிடித்து அழுத்தும் வேலை இடது கைக்கு என்ற பங்கீடு இது. வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற்ற பங்கீடும்கூட.

அப்படியானால் மற்ற நிறுவனங்கள் ஏன் வலப்பக்கமே வைத்தன?

1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கண்ணருகே பிடிக்கும் கேமரா. அதன் பொத்தானும் பிலிம் சுற்றும் குமிழும் வலப்பக்கம் மேல்தகட்டில் இருந்தன. போருக்குப் பிறகு வந்த ஜப்பானியக் கேமராக்கள் பெரும்பாலும் அந்த அமைப்பையே பின்பற்றின. 1959இல் நிக்கான் எஃப் வந்தபோது, கை எங்கே போக வேண்டும் என்பது ஏறக்குறைய முடிவாகியிருந்தது. எக்ஸாக்டா மட்டும் 1950இல் பிரிசம் பொருத்தக்கூடிய வாரெக்ஸ் ஆக மாறிய பிறகும் தன் இடப்பக்க அமைப்பைக் கைவிடவில்லை.

நான் இடது கைப் பழக்கம் உள்ளவன். எக்ஸாக்டா எனக்கு எளிதாக இருக்குமா?

நானும் இடது கையால் எழுதுகிறவன் என்பதால் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்: பொத்தானை அழுத்துவது எளிது, ஃபோகஸ் செய்வது எளிதல்ல.

சாதாரண எஸ்எல்ஆரில் லென்ஸ் வளையத்தைத் திருப்புவது இடது கை. கூர்மை பிடிப்பதுதான் படமெடுப்பதில் விரல் நயம் தேவைப்படும் வேலை. பொத்தானை அழுத்த எந்த விரலும் போதும். ஆக, வலக்கைக் கேமரா என்று நாம் நினைக்கும் நிக்கானும் பென்டாக்ஸும் இடது கைக்காரர்களுக்குத் தெரியாமலேயே சலுகை செய்துவந்திருக்கின்றன. வயலின் வாசிப்பவரின் இடது கை விரல்கள்தான் சுரத்தைப் பிடிக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் இது புரியும். எக்ஸாக்டாவில் அந்தச் சலுகை வலது கைக்குப் போய்விடுகிறது.

இதனால் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இடது கைக்கு எளிது என்று நம்பி வாங்க வேண்டாம் என்கிறேன். லென்ஸுக்காக வாங்குங்கள், அதன் இயந்திர வேலைப்பாட்டுக்காக வாங்குங்கள். பேட்டரி எதுவும் இல்லாமல் 1/1000 நொடி முதல் 12 நொடி வரை திறக்கும் ஷட்டருக்காகவும் வாங்கலாம்.

பிலிம் போடும் முறை வேறா?

முற்றிலும் வேறு. பலர் தடுமாறும் இடம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். முதலில் வீணான பழைய ரோல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த இந்து பிலிம் ரோல் ஏதாவது வீட்டில் காலாவதியாகிக் கிடந்தால், அது 35 மி.மீ. என்றால், பழகுவதற்கு நன்றாகவே உதவும்.

பின்கதவைத் திறந்து, கேமராவின் முதுகு உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். மற்றக் கேமராக்களில் பிலிம் டப்பா இடப்பக்கம் உட்காரும், எக்ஸாக்டாவில் வலப்பக்கம். பிலிம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஒளி படும் பக்கம் லென்ஸைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பதால், டப்பாவை நீங்கள் பழகியதற்குத் தலைகீழாக வைக்க வேண்டியிருக்கும். அதன் நீண்டிருக்கும் முனை மேலே, திரும்பச் சுற்றும் தண்டின் முட்கரண்டி நுழையும் முனை கீழே. திரும்பச் சுற்றும் குமிழ் அடித்தகட்டில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிலிம் நுனியை இழுத்து இடப்பக்கச் சுருளின் பிளவில் செருகுங்கள். பல்சக்கரத்தின் பற்கள் மேலும் கீழும் துளைகளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கதவை மூடுவதற்கு முன் ஒருமுறை லீவரைச் சுற்றிப் படமெடுத்து, பிலிம் இறுக்கமாக நகர்வதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். மூடிய பிறகும் இரண்டு முறை சுற்றி, அடித்தகட்டுக் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழலவில்லை என்றால் பிலிம் பிடிபடவில்லை. அப்படியே மேற்கொண்டு எடுத்தால் ரோல் முழுவதும் வெறுமையாகத்தான் திரும்பி வரும். படம் எண்ணும் சக்கரத்தையும் கையால்தான் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நெகட்டிவில் ஓர எண்கள் தலைகீழாக வருகின்றன. கேமரா பழுதா?

பழுதில்லை. டப்பா தலைகீழாக அமர்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் நேரடி விளைவு இது. படத்தை நிமிர்த்திப் பார்த்தால் பிலிம் ஓரத்தில் அச்சான எண்ணும் பெயரும் கவிழ்ந்திருக்கும். ஸ்கேன் செய்யும் கடையில் எல்லாப் படங்களும் கவிழ்ந்தே வரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய நெகட்டிவ் கட்டு ஒன்று எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது என்று ஊகிக்க இது நல்ல தடயமும்கூட.

லீவர் சுற்றச் சுற்றப் போய்க்கொண்டே இருக்கிறதே?

ஏறக்குறைய முழு வட்டம், 300 பாகை அளவுக்கு, அது போகும். வலப்பக்க லீவரைக் கட்டைவிரலால் சட்டென்று தட்டிப் பழகியவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். பாதியில் விடாதீர்கள். ஒரே வீச்சில், அவசரமில்லாமல், கடைசியில் அது தானாக நிற்கும் வரை கொண்டுபோய், விரலோடு கூடவே திரும்ப விடுங்கள். அடுக்கடுக்காகப் படமெடுப்பதற்கான கேமரா இது இல்லை. ஓடும் குழந்தையையும் பந்தயத்தையும் எடுக்க வேறு கேமராவைத் தேடுங்கள்.

பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. என்ன செய்வது?

பழுதுபார்ப்பவரிடம் போவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

விசைமேல் ஒரு சிறிய தகடு மடங்கி மூடியிருக்கலாம். பையில் இருக்கும்போது தவறி அழுந்தாமல் காக்க வாரெக்ஸ் வரிசையில் வைத்த பூட்டு அது, ஒதுக்கிவிட்டால் போதும். அடுத்து, லீவர் முழு வீச்சும் போயிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது லென்ஸ். 1950களின் தானியங்கி அப்பர்ச்சர் லென்ஸ்களில் பக்கவாட்டில் ஒரு கை நீண்டு, உடலின் விசைக்கு நேர் முன்னால் வந்து நிற்கும். நீங்கள் அழுத்துவது அந்தக் கையில் இருக்கும் பொத்தானை. அழுத்தத்தின் முதல் பாதியில் அப்பர்ச்சர் மூடுகிறது, அடுத்த பாதியில் உடலின் விசை அமுங்கிப் படம் விழுகிறது. லென்ஸில் பழைய எண்ணெய் இறுகிப்போயிருந்தால் அந்தப் பொத்தான் பாதியில் நின்றுவிடும். லென்ஸைக் கழற்றிவிட்டு உடலின் விசையை மட்டும் அழுத்திப் பாருங்கள். ஷட்டர் இயங்கினால் குற்றம் லென்ஸில்தான்.

படமெடுத்ததும் வியூஃபைண்டர் இருண்டுபோகிறது. சரியா?

சரிதான். பிம்பத்தைத் திருப்பும் உள் கண்ணாடி மேலே போய் அங்கேயே நிற்கும். அடுத்த முறை லீவரைச் சுற்றினால்தான் இறங்கும். உடனே இறங்கும் கண்ணாடி இந்த வரிசையில் 1967இல் வந்த விஎக்ஸ் 1000இல்தான் கிடைத்தது.

கை நடுக்கம் இந்த அமைப்பில் கூடுமா, குறையுமா?

பழகிவிட்டால் குறைகிறது என்பதுதான் என் கணிப்பு, அதற்குக் காரணமும் உண்டு. மேல்தகட்டுப் பொத்தானை அழுத்தும்போது விரல் கேமராவைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. வலது மூலை சற்றே சரிகிறது. எக்ஸாக்டாவின் விசை முன்முகத்தில் இருப்பதால், விரலின் அழுத்தம் பின்னோக்கிப் போகிறது. பின்னால் உங்கள் உள்ளங்கையும், பிரிசம் போட்டிருந்தால் கன்னமும் நெற்றியும் அதைத் தாங்குகின்றன. ஆள்காட்டி விரல் முன்னால், கட்டைவிரல் பின்னால், நடுவில் கேமரா என்று கிள்ளுவதுபோல் மெதுவாக அழுத்துங்கள். குத்துவதுபோல் அழுத்தினால் இந்தப் பலன் எல்லாம் போய்விடும்.

நிமிர்ந்த படத்துக்குக் கேமராவைத் திருப்பும்போது இடது முனை கீழே வரும்படி திருப்பிப் பாருங்கள். எடை முழுவதும் இடது உள்ளங்கையில் இறங்கும், முழங்கை மார்போடு ஒட்டும், வலது கை ஃபோகஸுக்கு விடுதலையாக இருக்கும். இதற்குப் பிரிசம் கட்டாயம். மேலிருந்து பார்க்கும் மூடியில் பிம்பம் இடவலம் மாறித் தெரியும். கேமராவையும் பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் எதை எந்தப் பக்கம் நகர்த்துவது என்றே பிடிபடாது.

மெதுவான வேகங்களுக்குத் தனி டயல் எதற்கு? எப்படி வைப்பது?

1/25 முதல் 1/1000 வரையிலான வேகங்கள் இடப்பக்க டயலில் இருக்கின்றன. அதைவிட மெதுவானவை வலப்பக்கம் இருக்கும் பெரிய குமிழில். அதற்குள் கடிகாரம்போல ஓடும் தனிப் பொறி இருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் பிலிமைச் சுற்றுங்கள். இடப்பக்க டயலை டி அல்லது பி என்ற எழுத்தில் நிறுத்துங்கள். வலப்பக்கக் குமிழை நிற்கும் வரை முறுக்குங்கள். அதன் வெளி வளையத்தைத் தூக்கி, வேண்டிய எண்ணைச் சிவப்புப் புள்ளிக்கு நேராக வையுங்கள். கறுப்பு எண் என்றால் அழுத்தியதும் படம் விழும். சிவப்பு எண் என்றால் பொறி சற்று நேரம் ஓடி, நீங்கள் போய் நிற்க அவகாசம் கொடுத்துப் பிறகு எடுக்கும். 12 நொடி வைத்து, அந்தப் பொறி கரகரவென்று இறங்கி முடிவதைக் கேட்டுப் பாருங்கள். நடுவில் திக்கினால் சுத்தம் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒளிமானி இல்லையே, எப்படி அளப்பது?

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்வு அளவு) பிலிமுக்கு அப்பர்ச்சர் எஃப் 16, 1/100 நொடி. ஐஎஸ்ஓ 200 என்றால் எஃப் 16இல் 1/250, அல்லது 1/100 வைத்து எஃப் 22. மேகம் மூட மூட அப்பர்ச்சரைத் திறந்துகொண்டே வாருங்கள். கைபேசியிலேயே ஒளிமானிச் செயலி உண்டு; அதுவும் போதும்.

எனக்கு வலது கை இயங்கவில்லை. இடது கையால் மட்டும் பிலிம் கேமரா இயக்க முடியுமா?

முடியும். ஆனால் எக்ஸாக்டாவைப் பரிந்துரைக்க மாட்டேன். விசை இடப்பக்கம் இருப்பதைப் பார்த்து நம்பிக்கையோடு வாங்கி ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். ஃபோகஸுக்கும் மெதுவேகக் குமிழுக்கும் அதில் வலது கை வேண்டும். முக்காலியில் நிறுத்தி இடது கையாலேயே ஒவ்வொன்றாகச் செய்யலாம், அவ்வளவுதான்.

இதற்கு நேரடியான விடை ஜப்பானில் இருந்து வந்தது. கியோசெரா நிறுவனம் யாஷிகா சாமுராய் என்ற பெயரில் 1980களின் இறுதியில் ஒரு வரிசை வெளியிட்டது. வீடியோ கேமராபோல நிமிர்ந்த உடல், ஒரே கையில் பிடித்து எடுக்கும் அமைப்பு. ஃபோகஸும் பிலிம் சுற்றுவதும் மோட்டாரே பார்த்துக்கொள்ளும். அந்த வரிசையில் சாமுராய் இசட்-எல் என்ற மாதிரி, பிடியும் பொத்தானும் இடது கைக்காக மாற்றி அமைக்கப்பட்டது. இடது கைக்காரர்களை எண்ணியே தொழிற்சாலையில் செய்த பிலிம் கேமரா மிக அபூர்வம். இது அதில் ஒன்று. அரைச்சட்டம் என்பதால் 36 படச் சுருளில் 72 படம் வரும். விலைக்கு வரும்போது பேட்டரி போட்டு மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். இந்த மின்னணுக் கேமராக்கள் நின்றுவிட்டால் எக்ஸாக்டாபோல் பிரித்துச் சரிசெய்ய எளிதில் ஆள் கிடைக்காது.

கையில் ஏற்கெனவே இருக்கும் கேமராவிலும் வழி உண்டு. நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றின் பொத்தானில், தள்ளி இருந்தே அதை அழுத்த உதவும் கேபிள் ரிலீஸ் திருகும் மரை இருக்கிறது. கேபிளைத் திருகி, அதன் மறுமுனையை இடது கை விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டால், லென்ஸைத் தாங்கும் கையாலேயே படமும் எடுக்கலாம். தானாகப் பிலிம் சுற்றும் கேமரா என்றால் இன்னும் எளிது: கேமராவையே தலைகீழாகப் பிடியுங்கள். பொத்தான் இடக்கைக் கட்டைவிரலுக்கு அடியில் வந்துவிடும். வியூஃபைண்டரில் காட்சி நிமிர்ந்தேதான் தெரியும். நெகட்டிவைத் திருப்பிக்கொண்டால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில கேமராக்களின் ஒளிமானி, மேலே வானம் இருக்கும் என்று கருதிச் சட்டத்தின் கீழ்ப்பகுதிக்குக் கூடுதல் எடை கொடுக்கும். தலைகீழாகப் பிடித்தால் அது வானத்தை அளந்துவிட்டுப் படத்தை இருட்டாக்கும். அளவை மட்டும் நேராகப் பிடித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடது கைக்கு வேலை கொடுக்கும் வேறு பழைய கேமராக்கள் எவை?

எக்ஸாக்டாவின் சிறிய உடன்பிறப்பான எக்ஸாவில் இதே இடப்பக்க அமைப்பு, ஆனால் வேகங்களின் எண்ணிக்கை குறைவு. வாய்க்லேண்டர் நிறுவனத்தின் விட்டெஸ்ஸாவில் இடப்பக்கம் ஒரு நீண்ட தண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இடது விரலால் அதை அமுக்கினால் பிலிம் நகர்ந்து ஷட்டரும் தயாராகும், வலது விரல் படமெடுக்கும். இரு கையும் மாறி மாறி வேலை செய்யும் அந்தத் தாளம் எனக்கு மிகவும் பிடித்தது. 1956இல் வந்த கேனன் விடியில் அடித்தகட்டு விசையை இடது விரல்களால் இழுக்க வேண்டும். கார்ல் ஸைஸ் யேனாவின் வெர்ராவில் லீவரே கிடையாது. லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருகினால் பிலிம் நகரும்.

எக்ஸாக்டா பெயரிலேயே பிறகு வந்த ஆர்டிஎல் 1000இல் லீவர் வலப்பக்கம் போய்விட்டது. பழைய லென்ஸ்களின் பக்கவாட்டுக் கைக்காக இடப்பக்கமும் ஒரு விசையை விட்டுவைத்தார்கள். எனவே அதில் விசை இரண்டு.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஷட்டர் திரையை. அது ரப்பர் பூசிய துணி. லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, பிரகாசமான விளக்குக்கு எதிரே பிடித்து இருபுறமும் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளியாக வரும். துணி சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் விலையை எவ்வளவு குறைத்தாலும் யோசித்தே வாங்குங்கள். திரை மாற்றுவது முழுக் கேமராவையும் பிரிக்கும் வேலை. அதன்பின் லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டெஸ்ஸார் 50 மி.மீ., பயோட்டார் 58 மி.மீ. போன்ற லென்ஸ்கள் நல்ல நிலையில் கிடைத்தால், உடல் சுமாராக இருந்தாலும் நட்டமில்லை. கண்ணாடியில்லாத டிஜிட்டல் கேமராக்களில் எளிய அடாப்டரோடு அவை பொருந்தும்.

பயன்படுத்தாத மாதங்களில் எப்படி வைப்பது?

லீவரைச் சுற்றிய நிலையில் வைக்காதீர்கள். வியூஃபைண்டர் வெளிச்சமாக இருக்கட்டும் என்று பலர் அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதற்குள் விசைச்சுருள் மாதக்கணக்கில் இழுபட்டே கிடக்கிறது. படமெடுத்துத் தளர்த்தி வையுங்கள், வியூஃபைண்டர் இருண்டே இருக்கட்டும். தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் உறையைத் தனியாகவும் கேமராவைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் வையுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் அந்த ஜெல்லை அடிக்கடி மாற்றவோ காயவைக்கவோ வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்து எல்லா வேகத்திலும் இயக்கிப் பாருங்கள். மெதுவேகக் குமிழையும் விட்டுவிடாதீர்கள், முதலில் இறுகிப்போவது அதுதான்.